தண்ணீர் எங்கே, பழம் எங்கே?

வாசகர் கேள்வி – பதில்: இலங்கையின் காட்டுயிர்கள்

இலங்கைக்குப் போகிறவர்கள் கடற்கரையோடு திரும்பிவிடாமல் காட்டுப் பக்கமும் ஒருமுறை போய்வர வேண்டும் என்று சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்த பிறகு, இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்டில் எட்டு நாள் போகிறோம். பிள்ளைகளுக்கு 8 வயது, 12 வயது. டிராவல்ஸ்காரர் கொடுத்த திட்டத்தில் பெந்தோட்டை, உனவட்டுன, மிரிஸ்ஸ என்று எல்லாமே கடற்கரை. மிரிஸ்ஸவில் நீலத் திமிங்கிலம் பார்க்கலாம் என்கிறார். பிள்ளைகளோ யானை, சிறுத்தை என்று கேட்கிறார்கள். ஒரே ஒரு பூங்காதான் போக முடியும் என்றால் எது?
– திருச்சி வாசகி

பணம் கட்டுவதற்கு முன் கேட்டீர்களே, நல்லது. நீங்கள் சொன்ன மூன்று ஊர்களும் தென்மேற்குக் கரையில் இருக்கின்றன. ஆகஸ்டில் அங்கே தென்மேற்குப் பருவக்காற்று வீசும், கடல் கொந்தளிப்பாக இருக்கும், பிள்ளைகளை இறக்கவே பயமாக இருக்கும். மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கும் காலம் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை. ஆகஸ்டில் அமைதியாக இருப்பது கிழக்குக் கடல். கடல் வேண்டும் என்றால் திருகோணமலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அங்கிருந்து யானைகள் இருக்கும் இடமும் கிட்டத்தில்தான்.

அடுத்து பூங்கா. எல்லோருமே "எந்தப் பூங்கா நல்லது" என்றுதான் கேட்கிறார்கள். இலங்கையில் இந்தக் கேள்விக்கு மாதத்தைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. உலர்வலயக் காட்டில் விலங்குகள் தண்ணீரையும் பழத்தையும் தேடி நகர்ந்துகொண்டே இருக்கும், வேலியும் நுழைவுக் கட்டணமும் நமக்குத்தான். அதனால் இந்த மாதம் தண்ணீர் எங்கே நிற்கிறது, என்ன பழுத்திருக்கிறது என்று கேளுங்கள். ஜீப் ஓட்டுகிறவரிடம் இப்படிக் கேட்டாலே அவர் உங்களை வேறு மாதிரி பார்ப்பார்.

ஆகஸ்டுக்கு என் பதில் மின்னேரியா. 3-ஆம் நூற்றாண்டில் மகாசேன மன்னன் வெட்டிய குளம் அது. குளம் என்றதும் நம்மூர்க் குளத்தை நினைக்காதீர்கள், கரையில் நின்றால் எதிர்க்கரை மங்கலாகத்தான் தெரியும். கோடையில் வயல்களுக்குத் தண்ணீர் போகப் போக நீர்மட்டம் இறங்கும், ஈரம் காயாத குளத்தடியில் பச்சைப் புல் கிளம்பும். சுற்றிலும் காடு காய்ந்து கிடக்கும்போது இங்கே மட்டும் பாய் விரித்த மாதிரி இளம்புல் என்றால் யானை வராமல் இருக்குமா? ஜூலையில் வரத் தொடங்கி ஆகஸ்ட், செப்டம்பரில் நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிடும். 1,700 வருஷத்துக்கு முன்னால் ஒரு மன்னன் நெல்லுக்காகக் கட்டியது இன்றைக்கு ஆசிய யானைகளின் பெரிய கூட்டமொன்றுக்குச் சோறு போடுகிறது. இலங்கையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான், எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

போனால் ஜீப்பை ஒரே இடத்தில் நிறுத்தச் சொல்லி ஒரு யானையை மட்டும் அரை மணி நேரம் பாருங்கள். புல் குட்டையாக இருப்பதால் தும்பிக்கையால் நேரே பிடுங்க முடியாது. முன்காலின் நகத்தால் வேரடியை உதைத்து உதைத்துப் பெயர்க்கும், பெயர்த்ததைத் தும்பிக்கையால் கூட்டிச் சுருட்டும், வாயில் போடுவதற்கு முன் தன் முன்னங்காலிலேயே இரண்டு தட்டுத் தட்டி மண்ணை உதறும். பக்கத்தில் குட்டி அதையே செய்யப் பார்க்கும், தும்பிக்கை இன்னும் சொன்னபடி கேட்காத வயது, அதனால் நாலு புல்லைப் பிடித்து மூன்றைக் கீழே விட்டுவிடும். உங்கள் 8 வயதுக்காரர் இதைத்தான் வீட்டுக்கு வந்தும் சொல்லிக்கொண்டிருப்பார், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளிடம் இன்னொன்றையும் சொல்லிக் கூட்டிப்போங்கள். இலங்கை ஆண் யானைகளில் பத்தில் ஒன்றுக்குக்கூடத் தந்தம் இருக்காது, ஏறக்குறைய எல்லாமே நாம் மக்னா என்கிறோமே அந்த வகை. தந்தம் இல்லை என்பதால் பெண் யானை என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. அண்மை ஆண்டுகளில் மொரகஹகந்த நீர்த்தேக்கத்திலிருந்து மின்னேரியாவுக்குத் தண்ணீர் விடுவதால் குளம் வற்ற வேண்டிய காலத்திலும் நிரம்பி நிற்பதுண்டு. தண்ணீர் இறங்காவிட்டால் புல் இல்லை, புல் இல்லாவிட்டால் யானைகள் பக்கத்திலுள்ள கவுடுல்லவுக்கோ ஹுருலுக் காட்டுக்கோ போய்விடும். மூன்றுக்கும் ஹபரணையிலிருந்தே போகலாம். எனவே ஹபரணையில் தங்கிக்கொண்டு, எந்தப் பூங்கா என்பதை அன்றைக்குக் காலையில் விசாரித்து முடிவு செய்யுங்கள். முன்கூட்டியே ஒன்றுக்குச் சீட்டு வாங்கி வைத்துக்கொண்டு, யானை இல்லாத குளத்தைச் சுற்றி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

தெற்கில் புகழ்பெற்ற ஒரு பூங்காவுக்கு இரண்டு தடவை போனேன். சிறுத்தை ஒன்று மரத்தில் இருப்பதாகத் தகவல் வந்ததும் எல்லா ஜீப்புகளும் ஒரே பக்கம் பறந்தன. நாற்பது வண்டிகளுக்கு நடுவில் ஒரு வாலின் நுனியைப் பார்த்தேன். இதுதானா காட்டுயிர்ப் பயணம்?
– சென்னை வாசகர்

இல்லை. உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் அந்த ஓட்டத்துக்கு டிரைவரை மட்டும் குறை சொல்லக் கூடாது, வண்டியில் ஏறியதுமே "சிறுத்தை காட்டுவீர்களா" என்று நாம்தான் கேட்கிறோம். காட்டாவிட்டால் முகம் வாடுகிறது, அன்பளிப்பும் குறைகிறது. அடுத்த தடவை ஏறும்போதே சொல்லிவிடுங்கள்: சிறுத்தை இல்லாவிட்டால் பரவாயில்லை, வேகமாகப் போக வேண்டாம், நான் கேட்கும் இடத்தில் இன்ஜினை அணையுங்கள். இந்த மூன்று வாக்கியத்துக்குப் பிறகு பல டிரைவர்களின் முகத்தில் ஒரு நிம்மதி வருவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் அந்தக் காட்டை உள்ளங்கை போலத் தெரிந்தவர்கள் உண்டு, அதைக் காட்ட யாரும் நேரம் கொடுப்பதில்லை.

இன்ஜினை அணைத்தால்தான் காது வேலை செய்யும். புள்ளிமான் கூர்மையாகக் கத்தும், மந்தி மரத்தின் மேலிருந்து செருமும், இரண்டும் ஒரே திசையைப் பார்த்தபடி தொடர்ந்து கத்தினால் அங்கே சிறுத்தை நடக்கிறது. அது வெளியே வரலாம், வராமலும் போகலாம். அந்தப் பதினைந்து நிமிஷம் காடு முழுவதும் ஒரே விலங்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும், நாமும் அந்தப் பேச்சில் இருப்போம்.

இடமும் மாற்றிப் பாருங்கள். வடமேற்கில் வில்பத்து இருக்கிறது, நாட்டின் மிகப் பெரிய தேசியப் பூங்கா, 1,300 சதுர கிலோமீட்டருக்கு மேல். போர்க்காலத்தில் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. அங்கே வில்லு என்று சொல்லப்படும் இயற்கைக் குளங்கள் உண்டு, மழைநீர் மட்டுமே தேங்கும் ஆழமில்லாத பள்ளங்கள், சுற்றிலும் வெள்ளை மணல் விளிம்பு. ஒரு வில்லுவின் ஓரத்தில் இரண்டு மணி நேரம் காத்திருப்பது, பத்து மைல் சுற்றுவதைவிட மேல்.

நான் வில்பத்துக்குப் போனது ஒரு ஜூலையில், பாலைப்பழக் காலம். பாலை மரத்தின் பழம் விரல் நுனி அளவுதான், மஞ்சள், பால் ஒட்டும், நல்ல தித்திப்பு. கரடிக்கு அந்தப் பழம் என்றால் உயிர். மற்ற மாதங்களில் புற்றைத் தோண்டிக்கொண்டு புதருக்குள்ளேயே திரியும் கரடி, இந்த ஒன்றரை மாதம் பட்டப்பகலில் மரத்தில் ஏறி உட்கார்ந்துவிடும். நான் பார்த்தது உச்சிக் கிளையில் இருந்தது. கையெட்டும் கிளையை வளைத்து மார்போடு அணைத்துக்கொண்டு, உதட்டை நீட்டி ஒவ்வொரு பழமாக உறிஞ்சியது, எட்டாத கிளையை மடக்கென்று ஒடித்து இழுத்துக்கொண்டது. கீழே ஒடிந்த கிளைகள் விழுந்தபடி இருந்தன, மரத்தடியில் ஏழெட்டுப் புள்ளிமான்கள் வாலை ஆட்டிக்கொண்டு உதிர்ந்த பழத்தைப் பொறுக்கின. அன்றைக்குச் சிறுத்தை பார்க்கவில்லை. வண்டியில் இருந்த ஒருவருக்கும் அது ஞாபகம்கூட வரவில்லை.

ஜூன், ஜூலையில் போக முடியும் என்றால் சிறுத்தையை விட்டுவிட்டுக் கரடியைக் கேளுங்கள். தெற்கிலுள்ள யாலப் பூங்காவுக்கும் இது பொருந்தும். செப்டம்பரில் மட்டும் முன்கூட்டியே விசாரியுங்கள், வறட்சி முற்றினால் யாலவின் முக்கியப் பகுதியைச் சில வாரங்கள் மூடிவிடுவது வழக்கம்.

யானை, கரடி, மான், மயில் எல்லாம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இருக்கிறதே. கடல் தாண்டிப் போய் அதையே ஏன் பார்க்க வேண்டும்?
– நாகர்கோவில் வாசகர்

நியாயமான கேள்வி. உலக அளவில் பல்லுயிர் வளம் மிகுந்த பகுதிகளைக் கணக்கெடுக்கும்போது மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் ஒன்றாகவே சேர்த்து எண்ணுகிறார்கள். கடல்மட்டம் தாழ்ந்திருந்த பனியுகக் காலங்களில் பாக் நீரிணை நடந்து கடக்கும் நிலமாக இருந்தது. அப்புறம் கடல் ஏறியது, பாதை மூடியது. போனவை போனவைதான். அவற்றின் கதை அங்கே எப்படி மாறியது என்பதற்காகத்தான் போக வேண்டும், குறிப்பாக உங்களைப் போல இந்தப் பக்கத்துக் காட்டை நன்றாகத் தெரிந்தவர்கள்.

முதலில் இல்லாதவற்றைப் பாருங்கள். வேங்கைப்புலி இல்லை (பழங்காலத்தில் இருந்ததற்கு எலும்புகள் கிடைத்திருக்கின்றன), செந்நாய் இல்லை, ஓநாய் இல்லை, கழுதைப்புலி இல்லை. நாய் இனத்தில் நரி மட்டும்தான். முதுமலையில் சிறுத்தை புலிக்குப் பயந்து ஒதுங்கும், கிடைத்ததை அவசரமாக மரத்துக்கு இழுத்துப்போகும். இலங்கையில் அதற்கு மேல் யாரும் இல்லை. பாறையில் பட்டப்பகலில் கால் நீட்டிப் படுத்திருப்பதும், பாதை நடுவே நடந்து வருவதும் அங்கே சாதாரணமாகக் காணக் கிடைப்பதற்கு இது ஒரு காரணம் என்பார்கள்.

இரண்டாவது, இங்கே அரிதாகிவிட்ட சில உயிர்கள் அங்கே வீட்டுத் தோட்டத்தில் இருக்கின்றன. சாம்பல் மலையணிலுக்காக நாம் ஸ்ரீவில்லிபுத்தூரில் தனிச் சரணாலயமே வைத்திருக்கிறோம். உலகத்தில் அந்த இனம் இருப்பது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான். கண்டிப் பக்கம் ஒரு விடுதியின் பின்கட்டில் தென்னை மட்டையில் அது குப்புறத் தொங்கிக்கொண்டு இளநீர்க் குரும்பையைக் கடித்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கார அம்மா அதைத் துரத்தக்கூட இல்லை.

தேவாங்கும் அப்படித்தான். கடவூர் மலைக்காட்டைத் தேவாங்குச் சரணாலயமாக 2022இல் நம் அரசு அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். அங்கே உள்ளது சாம்பல் தேவாங்கு. அதே இனம் இலங்கையின் உலர்வலயத்திலும் இருக்கிறது, சிகிரியாப் பக்கம் இரவில் பார்க்கலாம். ஈரவலயத்தில் இருப்பது செந்தேவாங்கு, அது இலங்கையைத் தவிர வேறெங்கும் கிடையாது. இரண்டையும் பார்க்க இரவு நடைதான் வழி. வழிகாட்டி சிவப்பு விளக்கு வைத்திருக்கிறாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், வெள்ளை டார்ச்சை அந்தப் பெரிய கண்களில் அடித்தால் அது தவித்துப்போகும். சிவப்பு வெளிச்சத்தில் முதலில் இரண்டு தணல் தெரியும், பிறகு அந்தத் தணலுக்குப் பின்னால் ஒரு முகம், பிறகு அணிலைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு, கிளையை ஒவ்வொரு கையாகப் பற்றிப் பற்றிச் சத்தமே இல்லாமல் நகர்வது.

மூன்றாவதுதான் முக்கியம், தீவுக்கே உரியவை. பறவைகளில் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் இலங்கைக்கு மட்டுமே சொந்தம். தவளைகள் நூற்றுக்கும் மேல், அவற்றில் பெரும்பாலானவை வேறெங்கும் இல்லாதவை. அதிலும் புதர்த்தவளைகள் பலவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முட்டைக்குள்ளேயே எல்லாம் முடிந்து, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய முழுத் தவளையாகவே வெளியே வரும். குட்டை தேவையில்லை, ஈரமான மண்ணோ இலையோ இருந்தால் போதும். அந்த ஈரம் போய்விட்டால் அவையும் போய்விடும். ஏற்கெனவே பல இனங்கள் போய்விட்டன.

ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனால் கொம்பு ஓணானைத் தேடுங்கள். 2,100 மீட்டருக்கு மேலே, குளிரும் மூடுபனியும் உள்ள காடு. எல்லோரும் உலக முடிவு என்னும் மலைவிளிம்புக்கு விடியற்காலையிலேயே ஓடுவார்கள், ஒன்பது பத்து மணிக்குள் பனி மூடிவிடும் என்பதால். நீங்கள் திரும்பும் வழியில் பாதையோரப் புதர்களை மெதுவாகப் பாருங்கள். ஆண் ஓணானின் மூக்கு நுனியில் ஒரு வெண்மையான கொம்பு, காண்டாமிருகத்துக்கு இருப்பது போல, ஆனால் மென்மையானது. கிளையோடு கிளையாக அசையாமல் இருக்கும், கண் மட்டும் நம்மைப் பின்தொடரும். அங்கே புல்வெளியில் நிற்கும் கடமானை இலங்கைத் தமிழர்கள் மரை என்பார்கள். வாசலில் வண்டிகளுக்குப் பக்கத்தில் வந்து கை நீட்டினால் முகரும் அளவுக்குச் சில மரைகள் பழகிவிட்டன. தயவுசெய்து எதுவும் கொடுக்காதீர்கள், பிளாஸ்டிக் பையோடு சேர்த்துத்தான் விழுங்குகின்றன.

சிங்கராஜ மழைக்காட்டுக்குப் போக ஆசை. ஆனால் அட்டை என்றாலே எனக்கு உடம்பு கூசும். வழி இருக்கிறதா?
– பெங்களூரு வாசகி

ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் போங்கள், மழை குறைவு, அட்டையும் குறைவு. அட்டை உறை என்று முழங்கால் வரை வரும் துணியுறை கிடைக்கும், பேண்டை அதற்குள் விட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். பாதையின் நடுவில் நடங்கள், ஓரத்துச் செடியில் உரசாதீர்கள், ஒரே இடத்தில் நிற்கும்போது காலை அவ்வப்போது பாருங்கள். கடித்தால் உப்பு, தீக்குச்சி எதுவும் வேண்டாம், நகத்தை ஒட்டியபடி தோலோடு தள்ளினால் வந்துவிடும். அதன் எச்சில் ரத்தத்தை உறையவிடாது, அதனால் கொஞ்ச நேரம் கசியும், பார்க்கத்தான் பயங்கரம், வலி இல்லை. சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அவ்வளவுதான் அட்டை.

அட்டைக்குப் பயந்து சிங்கராஜவை விட்டுவிடாதீர்கள். 1970களில் பிளைவுட்டுக்காக அந்தக் காட்டின் ஒரு பகுதியை வெட்டினார்கள், மக்கள் எதிர்த்து நின்றதால் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நிறுத்தினார்கள், 1988இல் உலகப் பாரம்பரியக் களமானது. இன்றைக்கு நாம் நடக்கும் பாதையில் ஒரு பகுதி, மரம் ஏற்றிப்போக அன்று வெட்டிய சாலைதான். வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். அது நல்லதுதான், தனியாகப் போனால் ஒன்றும் தெரியாது.

ஏன் என்றால் அந்தக் காடு பெரும்பாலான நேரம் காலியாகத்தான் தோன்றும். ஒரு மணி நேரம் நடந்திருப்பீர்கள், இலையிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை, பணம் வீண் என்றே நினைத்திருப்பீர்கள். திடீரென்று சலசலவென்று ஒரு பேச்சுச் சத்தம். ஆரஞ்சு அலகுத் தவிட்டுக்குருவிகள், பத்து, இருபது, முப்பது, இலைகளைப் புரட்டிக்கொண்டு கிளை கிளையாக வருகின்றன. அவற்றோடு கொண்டைக் கரிச்சான், அது ஒரு காவல்காரன், வல்லூறு வந்தால் குரல் கொடுக்கும், தவிட்டுக்குருவிகள் கலைத்துவிடும் பூச்சிகள் அதற்குக் கூலி. மற்ற பறவைகளின் குரலையும் அப்படியே திருப்பிச் சொல்லத் தெரிந்தது அது. இவை இரண்டையும் நம்பி ஒரு ஊரே பின்னால் வரும்: சாம்பல் தலைச் சிரிப்பான்கள் தரையோரமாக, சிவப்பு முகம் கொண்ட மல்கோஹா உச்சியில், வால்காக்கையின் உறவுக்காரியான இலங்கை நீல மாக்பை, சில நாள் அணில்கூட. நான்கு நிமிஷம், ஐந்து நிமிஷம், எந்தப் பக்கம் திரும்புவது என்றே தெரியாது. அப்புறம் மொத்தமும் பள்ளத்தில் இறங்கிவிடும், மறுபடி தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும். பைனாகுலர் இல்லாவிட்டால் இரவல் வாங்கியாவது கொண்டுபோங்கள்.

இதே காட்டில்தான் 2001 ஜனவரியில் பறவை ஆய்வாளர் தீபால் வரகாகொட ஒரு சிறிய ஆந்தையைக் கண்ணால் பார்த்தார். அதற்கு ஆறு வருஷம் முன்பே, 1995இல், கித்துல்கலக் காட்டில் அதன் குரலைக் கேட்டிருந்தார். தனக்குத் தெரிந்த எந்தப் பறவையின் குரலோடும் அது சேரவில்லை, அதனால் விடாமல் தேடினார். 2004இல் அது புது இனமாக அறிவியல் பெயர் பெற்றது, செரண்டிப் ஆந்தை. இத்தனை காலமாக மனிதர்கள் நடமாடிய தீவில், ஒரு பறவை குரலை மட்டும் காட்டிக்கொண்டு ஒளிந்திருந்தது.

நீங்கள் எல்லோரும் தெற்கையும் மலைநாட்டையும் பற்றியே எழுதுகிறீர்கள். வடக்கில் எதுவுமே இல்லையா?
– வவுனியா வாசகர்

இருக்கிறது ஐயா, நிறையவே. சென்ற இதழில் விட்டது என் தவறு.

நவம்பரிலிருந்து மார்ச் வரை மன்னாருக்கு இணையாக இலங்கையில் இன்னொரு இடத்தை நான் சொல்லமாட்டேன். மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் தெற்கே வரும் பறவைகளுக்கு இந்தியக் கரை முடிந்ததும் தட்டுப்படும் முதல் நிலம் மன்னார்த் தீவும் அதன் சுற்றுப்புறச் சேற்றுநிலமும்தான். வங்காலைச் சரணாலயத்தில் ஊசிவால் வாத்துகள் ஆயிரக்கணக்கில் இறங்கும், சாலையிலிருந்தே பார்க்கலாம். பூநாரைகள் நிற்பதைத் தூரத்திலிருந்து பார்த்தால் நீரோரம் இளஞ்சிவப்புக் கோடு போட்ட மாதிரி இருக்கும். கிட்டத்தில் பார்த்தால்தான் வேடிக்கை, தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து அலகின் மேல்பக்கத்தைத் தண்ணீருக்குள் விட்டு, காலால் சேற்றைக் கலக்கிக் கலக்கி, நாக்கால் தண்ணீரை வடித்துத் தின்னும். தனுஷ்கோடியில் பூநாரை பார்த்தவர்கள், நடுவில் முப்பது கிலோமீட்டர் மணல்திட்டும் கடலும்தான் இருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டு பாருங்கள். அந்த மணல்திட்டுகளில் ஆலாக்கள் கூடு வைக்கின்றன. மன்னார்த் தீவில் பெருகிவரும் காற்றாலைகள் இந்தப் பறவைகளின் வழியை என்ன செய்யும் என்பது அங்கே நடக்கும் பெரிய வாதம். என் கவலையும் அதில் சேர்ந்திருக்கிறது.

பள்ளிமுனையில் பெருக்கமரத்தைப் பார்க்காமல் வராதீர்கள். ஆப்பிரிக்க மரம், அரபு வணிகர்கள் கொண்டுவந்தது என்பார்கள், மரத்தின் இடுப்பைக் கட்டிப்பிடிக்க பத்துப் பேராவது வேண்டும்.

சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவானது. ஆனையிறவிலிருந்து கிழக்கே நீளும் கடல்நீரேரி, குளிர்காலத்தில் நீர்ப்பறவைக்குக் குறைவில்லை, கூட்டமே இல்லை. நெடுந்தீவுக் குதிரைகளைக் காட்டுயிர் என்று சொல்ல முடியாது, போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை, ஆனால் யாருக்கும் சொந்தமில்லாமல் திரிபவை. குறிகட்டுவானிலிருந்து படகு. கோடையில் தண்ணீருக்கு அவை படும் பாட்டைப் பார்க்க முடியாது, மழை முடிந்த ஜனவரி, பிப்ரவரியில் போங்கள்.

என் பையன் யானை மேல் ஏற வேண்டும், யானையைக் குளிப்பாட்ட வேண்டும் என்கிறான். எங்கே நல்லது?
– கோவை வாசகர்

எங்கேயும் வேண்டாம். சுமக்கப் பழக்குவதற்காக ஒரு யானையை என்னவெல்லாம் செய்வார்கள் என்று கோவைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உடவளவவுக்குக் கூட்டிப்போங்கள். அங்கே வனஜீவராசிகள் திணைக்களம் 1995இல் தொடங்கிய யானைக்குட்டிகள் இல்லம் இருக்கிறது. தாயை இழந்த குட்டிகளை வளர்த்து, வயது வந்ததும் காட்டிலேயே விடுகிறார்கள். தொட முடியாது, பால் குடிக்கும் நேரத்தில் தள்ளி நின்று பார்க்கலாம். குட்டிகள் வரிசை உடைத்துக்கொண்டு ஓடிவருவதையும், குடித்து முடித்த பிறகும் போகமாட்டேன் என்று நிற்பதையும் பார்த்தால் உங்கள் மகனுக்கு ஏறும் ஆசை அங்கேயே போய்விடும். ஏன் இத்தனை குட்டிகளுக்குத் தாய் இல்லை என்று அவன் கேட்டால் மழுப்பாமல் சொல்லுங்கள். இலங்கையில் அண்மை ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் 300க்கும் மேற்பட்ட யானைகள் சாகின்றன, துப்பாக்கிச் சூடு, கள்ள மின்வேலி, தீனிக்குள் மறைத்த வெடி, ரயில். அதே ஆண்டுகளில் யானையால் 100க்கும் மேற்பட்ட மனிதர்களும் சாகிறார்கள், பெரும்பாலும் ஏழை விவசாயிகள். இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஒன்றை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும்.

கதிர்காமம் போகிற பக்தர்களுக்கும் ஒன்று. புத்தளை வழியாகப் போகும் சாலையில் யானைகள் வண்டியை மறித்துப் பழம் கேட்கும். கொடுக்காதீர்கள். புண்ணியம் என்று நினைத்து ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துப் பழக்கியவர் போய்விடுவார், அடுத்த வண்டியில் பழம் இல்லாவிட்டால் அந்த வண்டிக்காரருக்குத்தான் ஆபத்து.

அலுவலக வேலையாகக் கொழும்பு போகிறேன். ஒரே ஒரு நாள் காலை மட்டும் ஓய்வு. காட்டுக்கெல்லாம் போக நேரமில்லை. ஏதாவது உண்டா?
– சேலம் வாசகர்

உண்டு, அதுவும் நகரத்துக்குள்ளேயே. கொழும்பு சதுப்புநிலங்களின் மேல் வளர்ந்த ஊர், 2018இல் ராம்சார் (ஈரநிலங்களைக் காக்கும் உலக உடன்படிக்கை) ஈரநில நகரம் என்ற சான்று பெற்றது. கோட்டைப் பக்கம் (ஜயவர்தனபுரக் கோட்டை, ரயில் நிலையம் இருக்கும் கோட்டை இல்லை, ஆட்டோக்காரரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்) பெத்தகான ஈரநிலப் பூங்காவும் தியசரு பூங்காவும் இருக்கின்றன. விடிந்ததும் போய்விடுங்கள். மரப்பலகைப் பாதையில் நடந்தால் நம்மூர் உடும்பைப் போல இரண்டு மடங்கு உள்ள நீர் உடும்பு குறுக்கே போகும், பயப்பட வேண்டாம், அது தன் பாட்டுக்குப் போகும். மீன்பிடிப் பூனைகள்கூட இந்தச் சதுப்புகளில் வாழ்கின்றன, வண்டிகள் ஓடும் இதே கொழும்பில். இரவில்தான் வெளியே வரும் என்பதால் பார்ப்பது கடினம், சேற்றில் கால்தடம் கிடைத்தாலே யோகம்தான்.

கொஞ்சம் தள்ளி, தலங்கம ஏரிக்கும் போக நேரம் இருந்தால், அல்லியும் தாமரையும் மூடிய தண்ணீரில் இலைக்கோழியைத் தேடுங்கள். உடம்பைவிடப் பெரிதாகத் தோன்றும் கால்விரல்கள், அவற்றை அகல விரித்து இலை மேல் நடக்கும், இலை லேசாக அமுங்கும், தண்ணீர் ஏறுவதற்குள் அடுத்த இலைக்குப் போய்விடும். நீளவால் இலைக்கோழியில் அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண் பறவையின் வேலை, பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த ஆணிடம் போய்விடும். ஆபத்து என்றால் சில இலைக்கோழிகளில் அப்பன் குஞ்சுகளை இரண்டு இறக்கைக்கடியிலும் அள்ளிக்கொண்டு ஓடும், அப்போது பக்கவாட்டில் நீளமான குட்டிக் கால்கள் மட்டும் நாலைந்து வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். அது கண்ணில் பட்டால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், நான் அதை இதுவரை படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.